ஐந்து மணிக்குப் பூட்டும் நூலகம்

அம்மா ஒரு கறுப்புக் கோட்டை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். யாருக்குத் தெரியாமல் ஒளித்தாள்? பெற்ற மகனுக்குத் தெரியாமல்தான்.

புதிதாக வந்து உட்கார்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மா கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். இந்த ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் உரிமம் வாங்கினார்கள். ஐம்பத்தொரு வயதில் கல்லூரியில் மாலைநேரச் சட்ட வகுப்பில் சேர்ந்தாள். அதே கல்லூரியில் மகன் நூலகர், மருமகள் அரசியல் துறை விரிவுரையாளர்.

சேர்ந்த அன்றைக்கே அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். "காலேஜ் வாசலைத் தாண்டிட்டா நான் யாருக்கும் அம்மாவும் இல்ல, மாமியாரும் இல்ல. சிபாரிசுல பாஸ் பண்ணினாள்னு ஒரு வாய் பேசிடக் கூடாது." மகனும் மருமகளும் சத்தியம் செய்தார்கள். இன்றுவரை அங்கே யாருக்கும் தெரியாது.

இன்று அரசியலமைப்பு நாள். அந்தக் கல்லூரியில் அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. மாணவர்கள் கல்லூரியின் மேலேயே வழக்குப் போடலாம். ஒரே ஒரு வழக்கு. அதற்கு 'ஒருநாள் நீதிமன்றம்' என்று பெயர். விளையாட்டு என்று நினைக்காதீர்கள். அங்கே சொல்லும் தீர்ப்புக்குக் கல்லூரி முதல்வரே ஒரு வருஷம் கட்டுப்பட வேண்டும்.

இந்த வருஷம் மாலை வகுப்பினர் மனுப் போட்டிருக்கிறார்கள். வாதாடப் போவது அம்மா.

காலையில் சமையலறையில் ஆரம்பித்தது.

"அம்மா, இன்னிக்கு என்னைச் சாட்சிக் கூண்டுல ஏத்தப் போறாங்க," என்றான் மகன்.

"அப்படியா."

"லைப்ரரியைப் பத்தித்தான் மனு. உன் வகுப்பு ஆளுங்கதானே போட்டிருக்காங்க? யாரு வாதாடப் போறாங்கன்னு தெரியுமா?"

அம்மா தேநீரை மடக்கென்று விழுங்கினாள். "நாக்கு சுட்டுடுச்சுடா. பேச முடியல."

மருமகள் அவசரமாகக் குழாயைத் திறந்து, கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். சிரிப்பை அடக்கியதில் தோள் மட்டும் குலுங்கியது.

"பேச வேண்டாம், கேட்டா போதும். முதல்ல லைப்ரரி நேரம் என்னன்னு கேட்பாங்க. அதுக்கு நான் என்ன சொல்லப் போறேன்னா..."

"வேண்டாம்!" அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாதே. எனக்கு நேரமாச்சு."

"அஞ்சு நிமிஷம்தாம்மா."

"அரை நிமிஷம்கூட இல்ல. கிளம்பு!"

மகனுக்கு முகம் தொங்கிப் போனது. "சின்ன வயசுல நான் வாய்ப்பாடு ஒப்பிச்சாக்கூட மறுபடி சொல்லுன்னு கேட்பே. இப்போ காதைப் பொத்திக்கிறே. சட்டம் படிச்சாலே மனசு கல்லாயிடும் போல."

கதவு படாரென்று சாத்தப்பட்டது. அம்மா காதிலிருந்து கையை எடுத்தாள்.

"பாவம் அத்தை அவரு."

"பாவம்தான். எனக்கு மட்டும் வயிறு எரியலையா? ஆனா எதிர்த்தரப்புச் சாட்சிகிட்ட முன்கூட்டியே பேசி வைக்கறது தப்பு. வகுப்புல முதல் பாடமே அதான்."

"ஜெயிச்சிடுவீங்களா?"

அம்மா அலமாரிக்குப் பின்னாலிருந்து கோட்டை இழுத்து உதறினாள். "உன் புருஷன் வாயாலேயே ஜெயிக்கப் போறேன். தினம் எட்டு மணிக்குத்தானே வீட்டுக்கு வரான்? கேட்டா என்ன சொல்றான்?"

"லைப்ரரில வேலைன்னு."

"அதேதான்! எட்டு மணி வரைக்கும் ஆள் உள்ள இருக்கு. விளக்கு எரியுது. கதவை மட்டும் அஞ்சு மணிக்குச் சாத்தணுமா? எங்களை உள்ள விட்டா என்ன குறைஞ்சு போகும்? ஒரே கேள்வி, கேஸ் முடிஞ்சுது."

மருமகள் கோட்டின் காலரைச் சரி செய்தாள். "எதுக்கும் அவர்கிட்ட ஒருதடவை உறுதி பண்ணிக்கலாமே அத்தை?"

"அதான் பேசக் கூடாதுங்கறேனே! நீயே ஒரு லெக்சரர், உனக்கு நான் சொல்லணுமா?"

கல்லூரியே தலைகீழாக இருந்தது. ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு குடையில் ஓர் உரிமையை வண்ணத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தது. சமத்துவம் ஒரு குடை, கல்வி ஒரு குடை, வழிபாட்டுச் சுதந்திரம் ஒரு குடை. மைதானத்தில் அடித்த காற்றில் ஒரு குடை கையை விட்டுக் கிளம்பியது.

"டேய், பேச்சுரிமை பறக்குது! பிடிங்கடா!"

"உங்க துறைக்கு அது தேவையே இல்லடா. நீங்க பேசற பேச்சே தாங்கல!"

பிறகு எல்லோரும் எழுந்து நின்று அரசியலமைப்பின் முகவுரையை ஒரே குரலில் வாசித்தார்கள். 'மக்களாகிய நாம்' என்ற இடத்தில் கொஞ்சம் முன்பின்னாக இடறியது. சமத்துவம் என்ற சொல் வந்தபோது ஆயிரம் குரலும் ஒன்றாகி மைதானமே அதிர்ந்தது. மாலை வகுப்பினர் கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார்கள். அம்மாவின் பக்கத்தில் நின்ற மருத்துவமனை நர்ஸ், முந்தின நாள் ராத்திரி டியூட்டி முடித்து அப்படியே வந்திருந்தாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, பரீட்சைக்கு மூணு வாரம்தான் இருக்கு. எங்க வீட்டுல உட்கார்ந்து படிக்க ஒரு மூலை கிடையாது. லைப்ரரி கிடைச்சாத்தான் நான் தேறுவேன்."

"கிடைக்கும். தைரியமா இரு," என்றாள் அம்மா.

அரங்கத்தில் உட்கார இடமில்லை. மேடையில் நாடகக் குழுவின் சிம்மாசனம், ஜிகினாத் தாள் பாதி உரிந்துபோய் நின்றது. நீதிபதியின் இருக்கை அதுதான். நீதிபதி யார் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். வேதியியல் துறையின் பெரிய பீக்கரில் ஆசிரியர்களின் பெயர்ச் சீட்டுகள் கிடந்தன. முதல்வர் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டார். சீட்டைப் பிரித்தார்.

"அரசியல் துறை விரிவுரையாளர்!"

மருமகள் எழுந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. மேடைக்கு ஓடி, மைக்கைக் கையால் மூடினாள்.

"சார், வேற யாரையாவது..."

"சீட்டு சீட்டுதாம்மா. விலகணும்னா காரணம் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. நீதிபதி விலகினா வழக்கு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போயிடும். நம்ம விதி அப்படி."

காரணத்தை எப்படிச் சொல்வாள்? மாமியாருக்குச் சத்தியம் செய்திருக்கிறாளே. சொல்லாமல் எப்படி உட்காருவாள்? வேண்டியவர் வழக்கில் நீதிபதியாக உட்காரக் கூடாது என்பது தினமும் வகுப்பில் நடத்துகிற பாடம். அவள் திரும்பிப் பார்த்தபோது பக்கக் கதவு வழியாகக் கறுப்புக் கோட்டுடன் அம்மா மேடை ஏறிக்கொண்டிருந்தாள். அதற்குள் முதல்வர் மருமகளைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்துவிட்டார்.

சாட்சிக் கூண்டில் நின்ற மகன், "அம்..." என்றான். மிச்சத்தை இருமலாக மாற்றினான்.

அம்மா மைக்கின் முன்னால் வந்து நின்றாள். பின்வரிசையில் நர்ஸின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். மூன்று வாரம். ஒரு வார்த்தை சொன்னால் போச்சு. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியவும் தெரியாது.

"கனம் நீதிபதி அவர்களே. வாதத்துக்கு முன்னாடி இந்த மன்றத்துக்கு ஒரு உண்மை தெரியணும். நீங்க என் மருமகள்."

எல்லாத் தலையும் சிம்மாசனத்தின் பக்கம் திரும்பியது.

"கூண்டுல நிக்கற சாட்சி என் மகன்."

அவ்வளவுதான். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு கூச்சல். "குடும்ப வழக்குடா இது!" என்று ஒருவன் கத்தினான். "முதல்வரும் சொந்தமா?" என்று இன்னொருவன். முதல்வர் எழுந்து, "நான் இல்லப்பா, நான் இல்ல!" என்று கையை ஆட்டினார்.

மாலை வகுப்பு வரிசையிலிருந்து ரொட்டிக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன்க்கா சொன்னீங்க? ஒரு வருஷம் போச்சே!"

"மறைச்சு ஜெயிச்சா அது உரிமை இல்ல தம்பி. கள்ளச்சாவி."

மருமகள் சிம்மாசனத்திலிருந்து எழுந்தாள். "மனுதாரர் சொல்றது உண்மை. நான் விலக..."

"ஒரு நிமிஷம்!"

எதிர்த்தரப்பு மேசையில் கல்லூரிக்காக வாதாட வந்திருந்த மூன்றாம் வருஷத்துப் பெண் எழுந்தாள். 'பட்டாசு' என்று பட்டப்பெயரைச் சொன்னால் கல்லூரியில் யாருக்கும் தெரியும். "எதிர்த்தரப்புக்கு ஆட்சேபணை இல்லைன்னா நீதிபதி தொடரலாம்னு விதியில இருக்கு. எங்களுக்கு ஆட்சேபணையே இல்ல."

முதல்வருக்கே நம்ப முடியவில்லை. "நிஜமாவா?"

"சார், மாமியார் வாதாடறாங்க, மருமக தீர்ப்புச் சொல்லப் போறாங்க. இதைவிட எங்களுக்குச் சாதகமான நீதிபதி கிடைப்பாங்களா?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அம்மாவும் சிரித்துவிட்டாள். மருமகள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு மேசையைத் தட்டினாள். "அமைதி. வழக்கு தொடரட்டும். மனுதாரர் சாட்சியை விசாரிக்கலாம்."

மகன் அரசியலமைப்புப் புத்தகத்தின் மேல் கை வைத்து உண்மையே சொல்வதாக உறுதி எடுத்தான். அம்மா கூண்டின் அருகே போனாள்.

"சாட்சி, பயப்படாம பேசுங்க. கிளட்ச்சை மெதுவா விடற மாதிரி, நிதானமா."

"சரிம்மா... சரிங்க."

"நூலகம் எப்போ மூடறீங்க?"

"அஞ்சு மணிக்கு."

"எங்க வகுப்பு ஆரம்பிக்கறதே அஞ்சரைக்கு. முடியறது ஏழு மணிக்கு. அப்போ நாங்க எப்போ புத்தகம் எடுக்கறது?"

"சனிக்கிழமை வரலாம்."

"சனிக்கிழமை இவர் ரொட்டி சுடணும், இவங்க ஊசி போடணும், நான் பள்ளத்துல இறங்கின காரைத் தூக்கணும். அது போகட்டும்." அம்மா குரலை உயர்த்தினாள். ஒத்திகை பார்த்துப் பார்த்து மெருகேற்றிய கேள்வி. "கதவை அஞ்சு மணிக்குப் பூட்டறீங்க. நீங்க எத்தனை மணி வரைக்கும் உள்ள இருக்கீங்க?"

மகன் அம்மாவைப் பார்த்தான். சிம்மாசனத்தில் இருந்த மனைவியைப் பார்த்தான். புத்தகத்தின் மேல் கை வைத்து எடுத்த உறுதி இன்னும் காதில் நின்றது.

"அஞ்சு மணி வரைக்கும்தான்."

"யோசிச்சுச் சொல்லுங்க. கதவு இல்ல, நீங்க."

"நானும்தான். பூட்டிட்டுக் கிளம்பிடுவேன்."

"தினமுமா?"

"தினமும்."

நூலகம் வளாகத்தின் கோடியில் இருந்தது. மாலை வகுப்பு வாசல் பக்கத்துக் கட்டடத்தில். ஒருநாள் எட்டிப் பார்த்திருந்தால் அம்மா இருட்டு ஜன்னலைக் கண்டிருப்பாள். வீட்டில் சொன்னதை அப்படியே நம்பி, அதன் மேல் ஒரு வழக்கையே கட்டிவிட்டாள். ஐந்திலிருந்து எட்டு வரை, தினமும், இவன் எங்கே போகிறான்?

மருமகளின் கையில் இருந்த பேனா மேசையில் உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

பட்டாசு துள்ளி எழுந்தாள். "மனுதாரரோட வாதம் காத்துப்போன டயர்! அஞ்சு மணிக்கு மேல நூலகத்துல ஆளே இல்ல. எதிர்த்தரப்பு சார்பா ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கறேன். சாட்சி, அஞ்சு மணிக்கு மேல உங்களுக்கு வேற வேலை இருக்குன்னு நாங்க நிரூபிக்கணும். பூட்டிட்டு எங்க போறீங்க?"

அரங்கமே முன்னால் சாய்ந்தது. மகனின் காது சிவந்தது. வாயைத் திறந்தான்.

"ஆட்சேபணை!"

கத்தியது அம்மா. அந்தப் பதிலை அந்த அரங்கத்தில் அவளைவிட அதிகமாக எதிர்பார்த்தவள் ஒரே ஒருத்திதான் இருந்தாள். அவள் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஆட்சேபணை?" என்றாள் மருமகள்.

"வேலை நேரம் முடிஞ்ச பிறகு ஒரு மனுஷன் எங்க போறான்னு கேட்க கல்லூரிக்கு உரிமை கிடையாது. அது அவரோட சொந்த நேரம்."

மருமகள் கணவனைப் பார்த்தாள். ஒரு தலையசைப்பு, ஒரே ஒரு தலையசைப்பு போதும். பதில் வந்துவிடும். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"ஆட்சேபணை ஏற்கப்படுது. சாட்சி பதில் சொல்ல வேண்டாம்."

"ஐயோ!" என்று ஐந்நூறு பேர் ஒரே குரலில் ஏமாந்தார்கள்.

"மனுதாரருக்கு வேற வாதம் இருக்கா?"

அம்மாவின் கையில் எழுதி வைத்திருந்தது எதுவும் இனி உதவாது. ஆனால் தான் சற்றுமுன் சொன்னதே காதில் இன்னும் ஒலித்தது. அவள் நிமிர்ந்தாள்.

"இருக்கு. இவரோட சாயங்காலம் இவருக்குச் சொந்தம். அதுல பங்கு கேட்டு நான் வரல. வரவும் கூடாது. இப்போதான் புரியுது, நான் தப்பான இடத்துல வண்டியைத் திருப்பப் பார்த்தேன். ஆள் இருக்காங்களா இல்லையாங்கறது கேள்வியே இல்ல. அந்தக் கட்டடத்தோட சாயங்காலம் யாருக்குச் சொந்தம்? காலைல படிக்கறவங்க கட்டற அதே கட்டணம்தான் நாங்களும் கட்டறோம். அதே பரீட்சை, அதே கேள்வித்தாள். அவங்களுக்குத் திறந்த கதவு, எங்களுக்குப் பூட்டு. எங்களுக்காக ஆள் போட வசதி இல்லன்னு மனுவுக்குப் பதில்ல கல்லூரி எழுதியிருக்கு. காலை வகுப்புக்கு ஆள் இல்லன்னா லைப்ரரியைப் பூட்டியே வெச்சிருப்பீங்களா? ஒரு ஆளைத் தேடிக் கண்டுபிடிச்சிருக்க மாட்டீங்களா? எங்களுக்காக யாரும் தேடவே இல்ல. மைதானத்துல நாங்களும்தான் நின்னோம். சமத்துவம்னு நாங்களும்தான் கத்தினோம். கடைசி வரிசைல நின்னோம், அதனால கேட்கலையோ என்னவோ."

முதலில் கடைசி வரிசையில் நர்ஸ் எழுந்து நின்றாள். ரொட்டிக்கடைக்காரர் எழுந்தார். காலை வகுப்புப் பெண்கள் எழுந்தார்கள். 'சமத்துவம்' குடையை யாரோ அரங்கத்துக்குள்ளேயே படக்கென்று விரித்தார்கள். பட்டாசு தன் மேசையில் உட்கார்ந்தபடியே கை தட்டினாள். "எதிர்த்தரப்பு கை தட்டக் கூடாது," என்று முதல்வர் கிசுகிசுத்தார். "பேச்சுரிமை சார்," என்றாள் அவள்.

மருமகள் எழுந்து நின்றே தீர்ப்புச் சொன்னாள்.

"நூலகம் இன்னிக்கு முதல் ராத்திரி ஒன்பது மணி வரை திறந்திருக்கணும். கல்லூரி தனியா ஒரு ஆளை நியமிக்கணும். ஆள் வர்ற வரைக்கும் மாலை வகுப்பு மாணவர்கள் முறை வெச்சுப் பொறுப்பு எடுத்துக்கலாம். இப்போ இருக்கற நூலகரை அஞ்சு மணிக்கு மேல ஒரு நிமிஷம்கூட நிக்க வைக்கக் கூடாது." கொஞ்சம் நிறுத்தினாள். "அவர் எங்க போறார்னு கேட்கற உரிமை இந்த மன்றத்துக்கு இல்ல."

'இந்த' என்ற சொல்லில் விழுந்த அழுத்தம் கூண்டில் நின்றவனுக்கு மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத இந்தப் பக்கம் போதாது. அம்மாவைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். "இறக்குங்கடா, எனக்கு உயரம்னா பயம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் தப்பித்தாள்.

சாயங்காலம் ஐந்து மணி. நூலக வாசலில் மாலை வகுப்பே திரண்டு நின்றது. ஐந்தரைக்கு இருந்த பாடத்தை இன்றைக்கு அங்கேயே நடத்துவதாகப் பேராசிரியர் சொல்லிவிட்டார். மகன் வெளியே வந்து சாவிக்கொத்தை நர்ஸின் கையில் வைத்தான். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஒவ்வொரு ஜன்னலாக வெளிச்சம் வந்தது.

மகன் படியில் தனியாக நின்றான். மருமகள் வந்தாள். பின்னாலேயே அம்மா, கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு.

"நீதிபதி கேட்கக் கூடாது. பொண்டாட்டி கேட்கலாமில்லங்க?"

"கேட்கலாம்." மகன் தரையைப் பார்த்தான். பிறகு சட்டென்று நிமிர்ந்தான். முகத்தில் குற்றம் இல்லை. ஒரு சிறுபிள்ளைச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ஆனா வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. வாங்க, காட்டறேன். ரெண்டு பேரும்."

"இப்பவேவா?"

"இப்பவே. எனக்கு ஏற்கெனவே நேரமாச்சு."

அம்மா திரும்பிப் பார்த்தாள். உள்ளே நீள மேசைகள் நிறைந்துகொண்டிருந்தன. ரொட்டிக்கடைக்காரர் ஒரு தடித்த புத்தகத்தைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கி வந்தார். ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நர்ஸ் அதைத் தட்டிக் காட்டினாள். "அக்கா, உங்களுக்குத்தான். வாங்க!"

"நீங்க உள்ள போங்க அத்தை," என்றாள் மருமகள். "நீங்க வாங்கின இடம்."

அம்மா நர்ஸைப் பார்த்துக் கையசைத்தாள்.

"இன்னிக்கு மட்டும்னு யாராவது தயவு பண்ணித் திறந்திருந்தா, ஓடிப்போய் உட்கார்ந்திருப்பேன். இது அப்படி இல்லையே. நாளைக்கும் திறந்திருக்கும்." மகனின் முதுகில் ஒன்று வைத்தாள். "நட."

வீட்டுக்குப் போகிற வழியில் அவன் திரும்பவில்லை. கல்லூரியின் பின்வாசலைத் தாண்டி, மரக்கடையை ஒட்டிய சந்தில் நுழைந்தான். சந்தின் முடிவில் ஒரு நீலக் கதவு. அவன் தட்டுவதற்குள் உள்ளேயிருந்து பத்துப் பன்னிரண்டு குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

"வந்துட்டாரு! வந்துட்டாரு! கதவைத் திறங்க!"

மருமகள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் யார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.